முதல் ஏரோபாட்டிக் ஆர்சி பிளேன்: எதை எடுக்கணும், எப்படி எடை ஏறாம கட்டணும்

ஆர்சி, அதாவது ரிமோட்ல ஓட்டுற பிளேன்கள்ல, கத்துக்கிறதுக்குன்னு வர்ற டிரெய்னர் பிளேன் நல்லா ஓட்ட வந்துடுச்சு, டேக்ஆஃப் லேண்டிங் எல்லாம் கை நடுக்கம் இல்லாம வருது, இப்ப லூப், ரோல், தலைகீழா பறக்குறதுன்னு மனசு போகுதுன்னா இது உங்களுக்குத்தான். இன்னும் டிரெய்னரே ஓட்டலைன்னா தயவுசெஞ்சு முதல்ல அதக் கத்துக்கிட்டு வாங்க, ஏரோபாட்டிக் பிளேன் உங்களுக்காக எதையும் தானா சரி பண்ணிக்காது, அதோட குணமே அதுதான்.

டிரெய்னர்ல றெக்கை ரெண்டும் லேசா மேல் பாத்து வளைஞ்சிருக்கும், றெக்கை உடம்புக்கு மேல உக்காந்திருக்கும், அடிப்பக்கம் தட்டையாவும் மேல் பக்கம் வளைவாவும் இருக்கும். ஸ்டிக்க விட்டா தானா நேராகிடும். கத்துக்கிற வரைக்கும் அது வரம், ஆனா ரோல் போடப் போனா நீங்க திருப்பத் திருப்ப அது திரும்பி வரப் பாக்கும், தலைகீழா புடிச்சா மூக்கு கீழ போயிட்டே இருக்கும். ஏரோபாட்டிக் பிளேன்ல இதெல்லாம் மாறிடும். றெக்கை உடம்புக்கு நடுவுல ஒரே நேர்கோட்டுல, மேல் வளைவும் கீழ் வளைவும் ஒரே மாதிரி, றெக்கை, வால், மோட்டார் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல. நேரா பறந்தாலும் தலைகீழா பறந்தாலும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்க எங்க விட்டீங்களோ அங்கேயே நிக்கும்.

இதுலயும் ரெண்டு பாதை இருக்கு, எது வேணும்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. ஒண்ணு பேட்டர்ன். நேர்கோடு, வட்டம், மெதுவான ரோல், எல்லாத்தையும் அளந்து வச்ச மாதிரி வானத்துல வரையிறது. உலகப் போட்டியில இதுக்கு எஃப்3ஏன்னு பேரு, 1960ல இருந்து உலக சாம்பியன்ஷிப் நடக்குது, பிளேன் 2 மீட்டர் நீளம் 2 மீட்டர் அகலத்துக்குள்ள இருக்கணும்னு விதி. ஆஸ்திரியாவோட ஹான்னோ பிரெட்னர், பிரான்ஸோட கிறிஸ்டோஃப் பேசான் லெ ரூ ஓட்டுனதோட வீடியோ கிடைச்சா பாருங்க, ஒரு ரோல் எவ்வளவு மெதுவா, எவ்வளவு சுத்தமா இருக்க முடியும்னு புரியும். இன்னொண்ணு 3டி. ப்ராப்பெல்லர்ல தொங்கிட்டு நிக்கிறது, மூக்கத் தூக்கிக்கிட்டு நடக்குற வேகத்துல போறது, அந்தரத்துல சுத்துறது. பேட்டர்னுக்கு கொஞ்சம் எடையும் வேகமும் இருந்தா காத்துல நேரா போகும், 3டிக்கு எடை குறைவும் பெரிய கண்ட்ரோல் சர்ஃபேஸும் (றெக்கை, வால் ஓரத்துல அசையிற தட்டு) வேணும்.

முதல் தடவைக்கு என்னோட சிபாரிசு 1 மீட்டர் றெக்கை இருக்குற தட்டை போம் பிளேன், எக்ஸ்ட்ரா 300 மாதிரி வடிவத்துல. ஜெர்மனியோட வால்டர் எக்ஸ்ட்ரா டிசைன் பண்ணி 1988ல முதல்ல பறந்த நிஜ விமானம் அது, ஆர்சி உலகத்துல அந்த வடிவத்த காப்பி அடிக்காத ஆளே இல்ல. 6 எம்எம் டெப்ரான் (தெர்மாகோல் வகை லேசான போம்) ஷீட்டுல றெக்கைய தட்டையா வெட்டிட்டா அதுவே சிமெட்ரிக்கல் றெக்கைதான், மேலயும் கீழயும் ஒண்ணு. கட்டுறது சுலபம், விழுந்தா அன்னைக்கு சாயங்காலமே ஒட்டிடலாம். ஈபிபி போம் இன்னும் தாங்கும், உடையாது வளையும், ஆனா வளையுற பொருள்ங்கறதால நிறைய கார்பன் போட்டு விறைப்பாக்கணும், எடை கொஞ்சம் கூடும். பால்சா கட்டைல வர்ற பிளேன் பறக்குறதுல தனி சுகம், அத ரெண்டாவதா மூணாவதா வாங்குங்க. முதல் மாசத்துல நீங்க எத்தனை தடவை தரைல குத்துவீங்கன்னு யோசிச்சா இது சரின்னு படும்.

கடைல பேனர், போர்டு வேலைக்கு விக்கிற சன்போர்டு கெட்டியாத்தான் இருக்கும், ஆனா கனம், இதுக்கு ஆகாது. பேப்பர் ஒட்டுன போம்போர்டு மட்டும்தான் கிடைக்குதுன்னா பேப்பர ஈரம் பண்ணி உரிச்சிட்டு நடுவுல இருக்குற போம் மட்டும் எடுத்துக்கலாம், பொறுமையா உரிக்கணும்.

இப்ப எடை. நான் சொல்ல வர்ற எல்லாமே இதுலதான் அடங்கியிருக்கு, அதனால நின்னு சொல்றேன். 2212 சைஸ் மோட்டார், 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து), அது சுமார் 55 கிராம். 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துற போர்டு) 25. ஒன்பது கிராம் சர்வோ (சர்ஃபேஸ அசைக்கிற குட்டி மோட்டார்) நாலு, ஹார்ன் ஸ்க்ரூ எல்லாம் சேத்து 40. ரிசீவர் 15. 3எஸ் (மூணு செல்) 1000 எம்ஏஎச் லிப்போ பேட்டரி 90. ப்ராப், மோட்டார் மவுண்ட் 15. போம் 150 பக்கம். கார்பன் 25, பசை டேப் 20, வயரு கம்பி 15. மொத்தம் 450. 10க்கு 4.7 ப்ராப் (10 இன்ச் விட்டம், ஒரு சுத்துக்கு 4.7 இன்ச் முன்னேறுற சாய்வு) போட்டா இந்த மோட்டார் 800 கிராமுக்கு மேல இழுக்கும், அதாவது பிளேனோட எடையப் போல ஒன்றரை மடங்குக்கு மேல. செங்குத்தா மேல போக, ப்ராப்ல தொங்கி நிக்க, தொங்குன நிலையில இருந்து வெளிய வர அந்த மிச்ச இழுவைதான் வேணும். இதே பிளேன நீங்க 600 கிராமுக்கு கட்டிட்டீங்கன்னா பறக்கும், ஆனா மெதுவா போகச் சொன்னா விழும், ஒவ்வொரு லேண்டிங்கும் வேகமா வரும், விழுந்தா உடையிறதும் அதிகமாகும், அந்த 150 கிராம் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுனா ஒரே இடத்துல இருக்காது, அஞ்சு அஞ்சு கிராமா முப்பது இடத்துல ஒளிஞ்சிருக்கும்.

அதனால கிச்சன் தராசு ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோங்க, ஒவ்வொரு துண்டையும் ஒட்டுறதுக்கு முன்னாடி எடை போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. நான் இப்படி உக்காந்திருந்தப்ப பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "ஏனுங்ணா, ஒரு டேப்பு ஒட்டுறதுக்குக் கூட எடை போடோணுங்களா?"ன்னு கேட்டான். அவன் கையில ஸ்கேலக் குடுத்து அளக்கச் சொன்னேன். பிளேன் பேலன்ஸ் ஆகுற புள்ளில இருந்து மோட்டார் 25 சென்டிமீட்டர் முன்னாடி, வால் 55 சென்டிமீட்டர் பின்னாடி. வால்ல 10 கிராம் கூடுனா அத சரிக்கட்ட மூக்குல 22 கிராம் வைக்கணும், ஆகமொத்தம் 32 கிராம் வீண். "அப்ப வாலுக்கு டேப்பே வேண்டாங்ணா"ன்னான். சரியாத்தான் சொன்னான், வால்ல கலர் டேப் ஒட்டாம மார்க்கர்ல கோடு போட்டோம்.

வடிவத்துக்கு ஒரு அளவு சொல்றேன். றெக்கை நுனிக்கு நுனி 100 சென்டிமீட்டர், முன் விளிம்புல இருந்து பின் விளிம்பு வரைக்கும் உடம்புகிட்ட 32, நுனில 20, முன் விளிம்பு நுனில 4 சென்டிமீட்டர் பின்வாங்கி இருக்கட்டும். 26 சதுர டெசிமீட்டர் பரப்பு வரும், 450 கிராமுக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 17 கிராம் சொச்சம், 3டிக்கு அருமையான கணக்கு. ஏலரான் (றெக்கையோட பின் விளிம்புல அசையிறது) அந்த முன்-பின் அளவுல மூணுல ஒரு பங்கு, எலிவேட்டர் (படுக்கை வால்ல மேல கீழ அசையிறது) வாலோட பாதி, ரடர் (நிமிந்த வால்ல இடம் வலம் அசையிறது) பாதிக்கும் மேல இருக்கட்டும். பெருசாத் தெரியும், அப்படித்தான் இருக்கணும்.

வெட்டுறதுக்கு புது பிளேடு. பழைய பிளேடு போம கிழிக்கும், வெட்டாது, ஒரு பிளேனுக்கு நாலஞ்சு பிளேடு மாத்துனா தப்பே இல்ல. ஹின்ஜ் (கீல்) வர்ற இடத்துல அசையிற பக்கத்தோட விளிம்ப 45 டிகிரிக்கு சாய்வா தேய்ச்சிடுங்க, சாய்வு கீழ் பக்கம் இருக்கட்டும், மேல் பக்கம் நல்ல டேப் ஒட்டிட்டு, சர்ஃபேஸ மேல முழுசா மடக்கிப் புடிச்சு உள்பக்கமும் ஒரு துண்டு டேப் குடுத்துட்டா வருஷக்கணக்கா தாங்கும். றெக்கையோட முன் விளிம்ப மெல்லிசு உப்புத்தாள்ல உருட்டி விடுங்க.

பசைல நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. சாதாரண ஃபெவிக்விக் டெப்ரான கரைச்சிடும். சொட்டு விழுந்த இடத்துல வெள்ளையா இருந்த போம் சுருங்கி, குழி விழுந்து, ஓரம் கண்ணாடி மாதிரி கெட்டியாகி நிக்கும், ஒட்டுன மாதிரி தெரியும், காத்துல போய் கழண்டுடும். செருப்புக்குப் போடுற ரப்பர் பசையும் அப்படித்தான், ஸ்ப்ரே பெயிண்டும் அப்படித்தான். போமுக்குன்னே வர்ற சிஏ (ஃபெவிக்விக் வகை) பசை, யுஹூ போர், இல்லேன்னா அரால்டைட். எந்தப் பசைனாலும் வேஸ்ட் துண்டுல ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாத்துட்டு அப்புறம் பிளேன்ல வைங்க. அரால்டைட் கனம், நிறைய அப்புனா பலம்னு நினைக்காதீங்க, மோட்டார் மவுண்ட்டுக்கும் கார்பன் முனைகளுக்கும் போதும். வழிஞ்சத பழைய ஏடிஎம் கார்டால வழிச்சு எடுத்துடுங்க.

கட்டுற வரிசை இப்படி. உடம்புங்கறது ஒரு படுக்கைத் தட்டும் ஒரு செங்குத்துத் தட்டும் கூட்டல் குறி மாதிரி சேர்றது. றெக்கையும் உடம்போட படுக்கைத் தட்டும் முதல்ல டேபிள் மேல தட்டையா சேரணும், டேபிள் வளைவா இருந்தா பிளேனும் வளைவாத்தான் வரும், அதனால ஒரு கண்ணாடி ஷீட்டோ கிரானைட் மேடையோ பாத்துக்கோங்க. றெக்கைக்குள்ள முழு நீளத்துக்கு ஒரு கார்பன் பட்டை, 3 எம்எம் அகலம் போதும். கார்பன அறுக்கும்போது மாஸ்க் போட்டே ஆகணும், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்ல, கைலயும் சிலாம்பு மாதிரி ஏறும். அடுத்து உடம்போட செங்குத்துத் தட்டுல கீழ் பாதி, காஞ்சதும் திருப்பி மேல் பாதி. எலிவேட்டர உள்ள நுழைக்காம மேல் பாதிய ஒட்டிட்டீங்கன்னா திரும்ப அறுக்க வேண்டி வரும், கவனம்.

கோணம் பாக்குறதுக்கு ஒரு நூல் போதும். வாலோட நடுப்புள்ளில ஒரு குண்டூசி குத்தி, நூலக் கட்டி, இடது றெக்கை நுனி வரைக்கும் இழுத்து நூல்ல மார்க் பண்ணுங்க, அதே நூல வலது நுனிக்குக் கொண்டு போங்க. மார்க் நுனில வந்து உக்காரணும். 2 எம்எம்முக்கு மேல தள்ளி நின்னா பசை காயிறதுக்குள்ள சரி பண்ணுங்க. அதே மாதிரி வால் தட்டையும் றெக்கையையும் பின்னாடி நின்னு ஒத்தக் கண்ணால பாருங்க, ரெண்டு கோடும் இணையா தெரியணும். கோணலா கட்டுன பிளேன டிரான்ஸ்மிட்டர் டிரிம்ல, அதாவது கை ரிமோட்ல நடுநிலைய லேசா திருத்துற பட்டன்ல, நேராக்கலாம்னு சொல்வாங்க, ஒரு வேகத்துல நேராகும், வேகம் மாறுனா திரும்பக் கோணும். கடைசில 1 எம்எம் கார்பன் கம்பிகள றெக்கைல இருந்து உடம்போட அடிக்கு முக்கோணமா குடுத்து ஒட்டுனா மொத்த பிளேனும் திடீர்னு விறைச்சுக்கும், கையில புடிச்சு முறுக்கிப் பாத்தாலே அந்த வித்தியாசம் தெரியும்.

மோட்டார் மவுண்ட்டுக்கு 3 எம்எம் பிளைவுட். மோட்டார் ஷாஃப்ட், பின்னாடி நின்னு பாத்தா, 2 இல்ல 3 டிகிரி வலது பக்கம் சாஞ்சிருக்கணும், இடது பக்க ஸ்க்ரூவுக்கு அடில வாஷர் வச்சா வரும். ஏன்னா ப்ராப் சுத்துற காத்து பிளேன இடது பக்கம் தள்ளிட்டே இருக்கும்.

சர்வோவ பிளேன்ல வைக்கிறதுக்கு முன்னாடியே ரிசீவர்ல சொருகி, டிரிம் எல்லாம் பூஜ்யத்துல வச்சு, நடுவுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் ஆர்ம மாட்டுங்க. கண்ட்ரோல் ஹார்ன்ல (சர்ஃபேஸ்ல ஒட்டுற சின்னக் கொம்பு) புஷ்ராடு (சர்வோவுல இருந்து வர்ற கம்பி) மாட்டுற ஓட்டை சரியா ஹின்ஜ் கோட்டுக்கு நேர் மேல இருக்கணும், முன்ன பின்ன இருந்தா மேல போற அளவும் கீழ போற அளவும் மாறிடும், ரோல் போடும்போது மூக்கு வட்டம் அடிக்கும். எலிவேட்டர் ரடர் சர்வோ ரெண்டையும் கடைசியா ஒட்டுங்க, மத்த எல்லாம் வச்சு பேலன்ஸ் பாத்துட்டு மூக்கு கனமா இருந்தா பின்னாடி தள்ளி, வால் கனமா இருந்தா முன்னாடி இழுத்து வைக்கலாம், ஈயம் வைக்காமயே முடிஞ்சிடும். நீளமான புஷ்ராடு நடுவுல வளையாம இருக்க வழில ரெண்டு மூணு கைடு குடுக்கணும்.

பேலன்ஸ். மேல சொன்ன அளவுக்கு, உடம்புகிட்ட றெக்கையோட முன் விளிம்புல இருந்து 8.5 சென்டிமீட்டர்ல முதல் தடவை வைங்க, பேட்டரியோட சேத்து. பழகினதும் 9.8 வரைக்கும் பின்னாடி தள்ளலாம். ரெண்டு பக்கமும் பேனால புள்ளி வச்சு விரல் நுனில தூக்குங்க, மூக்கு ஒரு பொட்டு கீழ சாயணும். என்னோட ரெண்டாவது பிளேன்ல வால் கனமா இருக்குன்னு தெரிஞ்சும் பறக்க விட்டேன், அன்னைக்கு அவ்வளவு ஆசை. கைய விட்டதும் மூக்கத் தூக்குச்சு, நான் தள்ளத் தள்ள கேக்கல, ஒரு நொடி அப்படியே நின்னுட்டு இடது றெக்கைல விழுந்துச்சு. மூணு வார வேலை, நாலு நொடி. மூக்கு கனமான பிளேன் மந்தமா பறக்கும், வால் கனமானது பறக்கவே விடாது.

செட்டிங் பண்ற முழு நேரமும் ப்ராப்ப கழட்டி வச்சிடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது, 10 இன்ச் ப்ராப் விரல வெட்டும். மோட்டார் எதிர் பக்கம் சுத்துனா மூணு வயர்ல ஏதாவது ரெண்ட மாத்துனா போதும். ப்ராப்ல எழுத்து இருக்குற பக்கம் முன்னாடி பாக்கணும். டிரான்ஸ்மிட்டர் ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஆறு சேனல் போதும், டூயல் ரேட்டும் (சர்ஃபேஸ் அசையிற அளவ சுவிட்சுல லோ, ஹைன்னு மாத்துறது) எக்ஸ்போவும் (ஸ்டிக்க நடுவுல மென்மையாக்குறது) இருந்தா சரி. லோ ரேட்டுல ஏலரான் 20 டிகிரி, எலிவேட்டர் 15, ரடர் 30, எக்ஸ்போ 30 சதவீதம். ஹை ரேட்டுல எல்லாம் 40, 45 டிகிரி, எக்ஸ்போ 50, 60. சிக்னல் போனா த்ராட்டில் பூஜ்யத்துக்கு வர்ற மாதிரி ஃபெயில்சேஃப் வச்சு, டிரான்ஸ்மிட்டர அணைச்சு சோதிச்சுக்கோங்க.

பறக்கப் போற இடத்துல, பிளேனுக்குப் பின்னாடி நின்னு, வாய் விட்டு சொல்லிப் பாருங்க. ஸ்டிக் வலது, வலது ஏலரான் மேல, இடது கீழ. ஸ்டிக்க இழுத்தா எலிவேட்டர் மேல. ரடர் ஸ்டிக் வலது, ரடர் வலது. ஒவ்வொரு பேட்டரிக்கும் இதச் செய்யணும். ஏலரான் தலைகீழா இருக்குற பிளேன நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களால கூட காப்பாத்த முடியாது.

இடமும் நேரமும். எங்க பறக்க விடலாம்னு அரசாங்கம் காட்டுற டிஜிட்டல் ஸ்கை மேப்ல பச்சை மண்டலமான்னு பாருங்க, அங்க 400 அடி வரைக்கும்தான், ஏர்போர்ட் பக்கம் போகவே வேணாம், ஆளுங்க ஆடுமாடு இல்லாத திடல் வேணும். தண்ணி வத்துன ஏரி நல்லாத்தான் இருக்கும், ஆனா சீமைக்கருவேல முள்ளுக்குள்ள போய் பிளேன எடுக்குறது லேசுல்ல. எங்க கோயமுத்தூர் பக்கம் ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீசும்போது 450 கிராம் பிளேன வெளிய எடுக்காதீங்க, அந்த ரெண்டு மாசம் கட்டுறதுக்கும் சிமுலேட்டருக்கும் (திரையில பறந்து பழகுற மென்பொருள்). பிக்காசிம் இலவசம், ரியல்ஃப்ளைட் காசு குடுத்து வாங்குறது, எதுனாலும் டெய்லி இருபது நிமிஷம் தலைகீழா ஓட்டிப் பழகுங்க. மத்த மாசத்துல காலைல ஆறரைல இருந்து எட்டு வரைக்கும் காத்து அசையாது.

முதல் பறப்பு லோ ரேட்டுல, மூணு பனைமரம் உயரத்துக்குப் போய் டிரிம் பண்ணுங்க. லூப், ரோல், தலைகீழ், ஸ்டால் டர்ன் (செங்குத்தா ஏறி ரடர்ல திரும்பி இறங்குறது), நைஃப் எட்ஜ் (ஒருக்களிச்சு பறக்குறது), அப்புறம்தான் ஹோவர் (ப்ராப்ல தொங்குறது), இந்த வரிசை மாத்தாதீங்க. பேலன்ஸ் சரியான்னு மேலயே சோதிக்கலாம், 45 டிகிரில ஏறிட்டே தலைகீழா திருப்பி எலிவேட்டர விடுங்க, கொஞ்ச தூரம் நேரா போய் மெதுவா சாஞ்சா சரி, உடனே கீழ வளைஞ்சா மூக்கு கனம், பேட்டரிய 5 எம்எம் பின்னாடி தள்ளி திரும்ப பாருங்க. செங்குத்தா முழு த்ராட்டில்ல ஏறும்போது இடது பக்கம் ஒதுங்குனா இன்னொரு வாஷர். நைஃப் எட்ஜ்ல வயித்துப் பக்கம் மடங்குனா ரடரோட கொஞ்சம் அப் எலிவேட்டர் மிக்ஸ் (ரடர் அசைஞ்சா எலிவேட்டரும் தானா சேந்து அசையிற செட்டிங்) குடுங்க, 3 சதவீதத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துங்க. ஹோவர்ல பிளேன் தானா இடது பக்கம் சுத்தும், அது மோட்டாரோட டார்க் (திருப்பு விசை), வலது ஏலரான்ல புடிக்கலாம், அது கைக்கு வர்ற வரைக்கும் மண்ணுல இருந்து ரொம்ப உயரத்துலயே பழகுங்க.

டைமர் 5 நிமிஷம். லிப்போ ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுல நிறையும், 3.7 பக்கம் மிச்சம் இருக்கும்போதே இறக்கிடுங்க, பேலன்ஸ் லீடுல (பேட்டரில செல் வோல்ட்ட தனித்தனியா பாக்குற சின்ன வயர்) ஒரு பஸ்ஸர் மாட்டி 3.5ல கத்துற மாதிரி வச்சிட்டா மறந்தாலும் அது ஞாபகப்படுத்தும். வீட்டுக்கு வந்ததும் அடுத்த வாரம்தான் பறக்கப் போறோம்னா 3.8க்கு கொண்டு வந்து வைங்க, 1சி (1000 எம்ஏஎச் பேட்டரிக்கு 1 ஆம்ப்) மேல சார்ஜ் பண்ணாதீங்க, சார்ஜ்ல போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, உப்புன பேட்டரிய பிளேன்ல மாட்டாதீங்க. அப்புறம் பிளேன லைட்டு வெளிச்சத்துல புடிச்சு மோட்டார் மவுண்ட் ஓரத்துலயும் ஹின்ஜ்லயும் மயிரிழை மாதிரி விரிசல் இருக்கான்னு பாத்து, இருந்தா அன்னைக்கே ஒரு சொட்டு பசை.